காட்டினுள் கற்சுவர்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கே நியூ இங்கிலாந்து என்னும் பகுதி உள்ளது. அதனைச் சேர்ந்த மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் காடுகளில் நடந்து செல்வோர் ஒரு விந்தையைக் காண்பர். ஓங்கி வளர்ந்த மரங்களினூடே, இடுப்பளவு உயரமுள்ள கற்சுவர்கள் நெடுந்தொலைவு செல்கின்றன. ஆளில்லாக் காட்டில் சுவர் எழுப்பியவர் யார்? எதனைக் காக்க எழுப்பினர்?

சுவர் எழுந்த நாளில் அங்கே காடு இல்லை. வயலும் மேய்ச்சல் நிலமுமே இருந்தன. 17ஆம் நூற்றாண்டு முதல் அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் மரங்களை வெட்டி நிலத்தைத் திருத்தினர். உழும்போது கிடைத்த கற்களைப் பெயர்த்து எல்லைகளில் அடுக்கினர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அம்மாநிலத்தின் நடுப்பகுதியில் பாதிக்கும் மேற்பட்ட நிலம் மரமற்ற வெளியாகிவிட்டது.

பிறகு நிலைமை மாறிற்று. 1825இல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டது. இருப்புப் பாதைகளும் தொடர்ந்து வந்தன. ஒஹாயோ, இல்லினாய் முதலிய மேற்குப் பகுதிகளின் கொழுவிய மண்ணில் விளைந்த தானியம் கிழக்கே மலிவாக வந்து குவிந்தது. கல் நிறைந்த மண்ணில் பாடுபட்டவன் அவ்விலைக்கு ஈடுகொடுக்க இயலுமா? சிலர் மேற்கே சென்றனர். சிலர் லோவல் போன்ற ஆலை நகரங்களை நாடினர். வயல்கள் தரிசாயின.

தரிசு நிலம் காடாவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் புல்லும் களைகளும் முளைக்கின்றன. அடுத்து, இறகு பெற்ற வெள்ளைப் பைன் விதைகள் காற்றில் வந்து விழுகின்றன. பைன் கன்றை மாடுகள் விரும்பித் தின்பதில்லை. வெட்டவெளியின் வெயிலோ அதற்கு மிக உகந்தது. ஆகவே பைன் தோப்பு எழுகிறது. ஆயினும் தோப்பின் அடர்ந்த நிழலில் பைன் கன்றுகள் செழிப்பதில்லை. ஓக், மேப்பிள் கன்றுகளோ அந்நிழலைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கின்றன. 1900ஆம் ஆண்டையொட்டிப் பெட்டிகள் செய்வதற்காகப் பைன் மரங்கள் வெட்டப்பட்டபோது, இக்கன்றுகளே தலையெடுத்தன. வெட்டிய பைன் மீண்டும் துளிர்ப்பதில்லை. ஓக்கும் மேப்பிளும் அடிக்கட்டையிலிருந்தும் துளிர்க்கும்.

பைன் தோப்பினுள் ஓக் எப்படி வந்தது? சட்டமறுப்பைப் பற்றி எழுதியவரும், காந்தியடிகளால் மதிக்கப்பெற்றவருமான தோரோ, 1860இல் கான்கார்டு நகரில் உழவர்களிடையே பேசியபோது இதனை விளக்கினார். அணில்களும் பறவைகளும் ஓக் கொட்டைகளைக் கொண்டுவந்து புதைக்கின்றன. மறந்து விடப்பட்டவை முளைக்கின்றன. 1907இல் பீட்டர்ஷாம் என்னும் ஊரில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஓர் ஆராய்ச்சிக் காட்டை நிறுவி, இம்மாறுதல்களை இன்றளவும் ஆராய்ந்து வருகிறது.

இன்று அம்மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட நிலம் காடே. ஆயினும் பழைய காடு அப்படியே திரும்பிவிட்டது என எண்ணற்க. மண்ணைத் தோண்டினால், ஏர் கலக்கிய மேல்மண் இன்னும் தனியே தெரிகிறது. எறும்புகள் விதை சுமந்து பரப்பும் காட்டுச் சிறுசெடிகள் பல, நூறாண்டு கடந்தும் பழைய வயல்களுள் மிக மெதுவாகவே புகுகின்றன. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால், அமெரிக்கச் செஸ்ட்நட் பெருமரங்கள் ஏறக்குறைய அழிந்தன. கூட்டங்கூட்டமாய் வானை மறைத்துப் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914இல் கூண்டில் இறந்தது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. மாசச்சூசெட்ஸில் ஏர் நின்றது. மக்கள் உண்பது நிற்கவில்லை. அவர்களுக்கு உணவளிக்க மேற்கின் பரந்த புல்வெளிகள் உழப்பட்டன. இல்லினாயில் அப்புல்வெளி இன்று பெரும்பாலும் இல்லை. ஓரிடத்துக் காட்டின் மீட்சிக்கு மற்றோரிடம் விலை கொடுத்தது.

எனவே மாணவர்களே, ஓரிடத்தில் காடு மீண்டது எனப் படிக்கும்போது, அங்கிருந்த வயல் எங்கே சென்றது எனவும் வினவுங்கள். நிலத்தின் வரலாற்றைக் கற்பதற்கு அவ்வினாவே முதற்படி.