யாருடைய வேட்பாளர், யாருடைய போர், யாருடைய வேலைநேரம்?



தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் கூட்டங்களில் மூன்று விவாதங்கள் சூடு பிடிக்கின்றன. தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவரா, கட்சியின் ஆளா? அரசு போர் என்று முழங்கும்போது நாம் எங்கே நிற்பது? முதலாளியைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறார்களே, அதை யார் தடுப்பது? இவற்றை மூன்று தனித்தனிப் பிரச்சினைகளாகப் பேசிப் பழகிவிட்டோம். 1937 முதல் 1946 வரையிலான பத்தாண்டுகளில் பாபாசாகேப் அம்பேத்கர் இந்த மூன்றையும் சேர்த்தே எதிர்கொண்டார். யாருடைய நினைவாக இங்கே ஆண்டுதோறும் கூடுகிறோமோ, அவருக்குச் செய்யும் மரியாதையாக இந்த ஆண்டு உரையில் அந்தப் பத்தாண்டுகளைத் திரும்பிப் பார்க்க விரும்புகிறோம்.

இந்தக் காலகட்டத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அம்பேத்கரை வெள்ளையரின் கையாள் என்று ஏசுவோர் எப்போதும் இந்தப் பத்தாண்டுகளைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். 1997-இல் வெளிவந்த அருண் ஷோரியின் நூலும் அதைத்தான் செய்தது. பதிலுக்கு நாம் அவர் இயற்றிய தொழிலாளர் சட்டங்களின் பட்டியலை நீட்டுவோம். பட்டியல் உண்மைதான். ஆனால் அதற்குள் சேராத சில சங்கடமான பக்கங்களும் அந்த ஆண்டுகளில் உண்டு. அவற்றைத் தாண்டிக் குதித்துவிட்டு வரலாறு பேசினால், நம் மாணவர்கள் அவற்றை எதிரியின் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள நேரும்.

நிற்பவர் யார், நிறுத்துபவர் யார்

1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் மாகாணச் சட்டமன்றங்களில் நமக்கு 148 இடங்களைக் கொடுத்தது. பிற்பாடு அது 151 ஆனது. தனி வாக்காளர் தொகுதிக்குப் பதிலாக இரண்டு கட்டத் தேர்தல் வந்தது. முதல் கட்டத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பொதுத் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். வேட்பாளரை நாம் தேர்கிறோம், வெற்றியை ஊர் தீர்மானிக்கிறது. ஏற்பாட்டின் சாரம் அதுதான். சொத்தும் படிப்பும் இருந்தால்தான் வாக்கு என்ற காலத்தில் ஊர் என்பது யார் என்று விளக்க வேண்டியதில்லை.

1936-இல் அம்பேத்கர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937 தேர்தலில் பம்பாய் நகரில் அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பல்வாங்கர் பாலு. 1911-இல் இங்கிலாந்துக்குப் போன இந்தியக் கிரிக்கெட் அணியின் புகழ்பெற்ற பந்துவீச்சாளர்; தீண்டாமையை மைதானத்திலேயே அனுபவித்தவர்; அம்பேத்கரே ஒரு காலத்தில் போற்றியவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் போட்டி இரண்டு நல்ல மனிதர்களுக்கு இடையில் நடக்கவில்லை. ஒருவர் தம் மக்கள் கட்டிய அமைப்பின் வேட்பாளர். மற்றவரைத் தேர்ந்தது வேறொரு கட்சியின் மேலிடம். அம்பேத்கர் சுமார் 2,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அந்தத் தேர்தலில் பம்பாயின் 15 தனித்தொகுதிகளில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 4 மட்டுமே. சென்னை மாகாணத்தில் கதை தலைகீழ்: 30 இடங்களில் 26 காங்கிரசுக்குப் போயின. அதன் விலை அடுத்த ஆண்டே தெரிந்தது. 1938-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தபோது ராஜாஜி அரசு அதை ஏற்கவில்லை. காங்கிரசின் தனித்தொகுதி உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்கி மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார்கள். பூனா ஒப்பந்தத்தின்போது கூட்டுத் தொகுதியை ஆதரித்து நின்றவர் ராஜா. நம்மவர்கள் அவைக்குள் இருந்தும் நம் வாக்கு அவைக்குள் இல்லாமல் போவதை அவர் கண்ணெதிரே கண்டார்.

வேலைநிறுத்தமும் நம்மவரும்

தொழிற்சங்க இயக்கத்துக்குள் நம் கணக்கு எப்போதும் சிக்கலானது. 1921-இல் சென்னை பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பு கலவர பூமியானது. கருங்காலிகள் என்ற பட்டம் நமக்கு வந்தது. ஆலைக்குள்ளும் சேரிக்குள்ளும் சாதி எப்படி இயங்கியது என்று கேட்டவர்கள் குறைவு.

பம்பாயில் அம்பேத்கர் அந்தக் கேள்வியை நேராகவே கேட்டார். அங்கே ஆலைகளில் கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதாரைச் சேர்க்க மாட்டார்கள். அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டும். ஒரு மகர் தொழிலாளியின் எச்சில் பட்ட நூலை மராத்தா தொழிலாளி தொடமாட்டார். இந்தத் தடையை நீக்கச் சொல்லுங்கள், பிறகு ஒற்றுமை பற்றிப் பேசலாம் என்று 1928 வேலைநிறுத்தத்தின்போது சங்கத் தலைவர்களிடம் அவர் வலியுறுத்தினார்.

அதே அம்பேத்கர் பத்தாண்டு கழித்துக் கம்யூனிஸ்டுகளோடு ஒரே மேடையில் நின்றார். 1938-இல் பம்பாய்க் காங்கிரஸ் அரசு தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்து, குறிப்பிட்ட நடைமுறைகள் முடியும்முன் நடக்கும் வேலைநிறுத்தத்தைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டமன்றத்தில் அவர் எழுப்பிய வாதம் இன்றும் பாடமாக வேண்டியது. வேலைக்கு வரமாட்டேன் என்பது மிஞ்சினால் ஒப்பந்த மீறல். அதைக் குற்றம் என்று சொல்லிச் சிறையில் தள்ளினால், ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்குகிறீர்கள். அதற்குப் பெயர் அடிமைமுறை. நவம்பர் 7-ஆம் தேதி பம்பாயில் எதிர்ப்பு வேலைநிறுத்தம் நடந்தது. மசோதா சட்டமானது. ஆனால் ஆலைத் தொழிலாளரும் தீண்டப்படாதாரும் சேர்ந்து நடந்த அந்த நாள் மறையவில்லை.

போர்

1939 செப்டம்பரில் இந்தியர் யாரையும் கேட்காமல் வைஸ்ராய் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார். அம்பேத்கரும் அதைக் கண்டித்தார். அதற்காக நாஜிகள் வெல்லட்டும் என்று விட்டுவிட அவர் தயாராக இல்லை. இன மேலாண்மையைக் கொள்கையாகக் கொண்ட ஓர் அரசு உலகை ஆண்டால், பிறப்பால் தாழ்ந்தவன் என்று முத்திரை குத்தப்பட்ட மக்களுக்கு என்ன மிஞ்சும்? வெளிநாட்டான் போனால் போதும், வருவது எந்த ஆட்சி என்று கேட்க வேண்டாம் என்ற தேசியத்தை அவர் ஏற்கவில்லை. உழைப்பவருக்கு எந்த ஆட்சி வரும் என்பதே முதல் கேள்வி என்றார்.

இன்னொரு காரணமும் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்குணச் சாதிகள் என்ற கோட்பாட்டைச் சொல்லி மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது ஒரு மகர் படைப்பிரிவை எழுப்பி, தேவை தீர்ந்ததும் கலைத்தது. 1941 அக்டோபரில் மகர் ரெஜிமென்ட் மீண்டும் உருவாக அம்பேத்கர் பாடுபட்டார். 1943-இல் உருவான சமார் ரெஜிமென்ட்டோ 1946-இல் கலைக்கப்பட்டது. போரின் அறம் பற்றிய விவாதத்தில் நம் பக்கத்திலிருந்து இதையும் சொல்ல வேண்டும்: துப்பாக்கி தூக்கத் தகுதியில்லை என்பார்கள், சாவதற்கு ஆள் வேண்டும்போது தகுதி வந்துவிடும், போர் முடிந்தால் மறுபடியும் போய்விடும்.

1942 ஜூலையில் இரண்டு நிகழ்வுகள். நாக்பூரில் என். சிவராஜ் தலைமையில் பட்டியலினத்தார் கூட்டமைப்பு பிறந்தது. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். ஆகஸ்ட் 7-ஆம் தேதி டெல்லியில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் என்ற முத்தரப்பு மாநாட்டின் முதல் கூட்டத்துக்கு அவர் தலைமை தாங்கினார். மறுநாள் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம். எந்த அரசை வெளியேறச் சொன்னார்களோ, அந்த அரசுக்குள் அவர் அமர்ந்திருந்தார். வேலைநிறுத்த உரிமைக்காகத் தெருவில் நின்றவர், முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்வதைத் தடுத்த இந்தியப் பாதுகாப்பு விதி 81அ நடப்பில் இருந்த துறைக்குப் பொறுப்பாளரானார். இதை மறைப்பதில் பயனில்லை.

சுரங்கத்துக்குள் பெண்கள்

நம்மை அதிகம் யோசிக்க வைப்பது 1943. போருக்கு நிலக்கரி போதவில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் நல்ல கூலி தந்த ராணுவக் கட்டுமான வேலைகளுக்குப் போய்விட்டார்கள். பூமிக்கு அடியில் பெண்கள் வேலைசெய்ய 1937-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்த தடையை அரசு 1943-இன் பிற்பகுதியில் தளர்த்தியது. ஜாரியா, ராணிகஞ்ச் சுரங்கங்களில் மீண்டும் இறங்கியவர்கள் யார்? சந்தால் பெண்கள், பாவுரிப் பெண்கள். ஆதிவாசிகள், தலித்துகள். துறைக்குப் பொறுப்பு அம்பேத்கர்.

பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. பிரிட்டன் நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. 1944 பிப்ரவரியில் மத்தியச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் பதில் சொன்னார்: இது நெருக்கடிக்கால நடவடிக்கை, சுரங்கத்தில் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான கூலி என்ற கொள்கை முதல்முறையாக நிலைநாட்டப்படுகிறது. சில வாரங்களுக்கு முன்புதான் தான்பாத் பகுதிக்குப் போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்து வந்திருந்தார். நிலக்கரி மீது வரி போட்டு, தொழிலாளருக்குக் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் தர நல நிதி 1944-இல் வந்தது. தடை 1946 பிப்ரவரியில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

நாம் என்ன சொல்வது? கணவன் வெட்ட மனைவி அள்ளிய வேலைமுறையில், 1937 தடை ஆணின் கூலியை உயர்த்தாமலே பெண்ணை வீட்டுக்கு அனுப்பிக் குடும்ப வருமானத்தைக் குறைத்தது என்பதும் உண்மை. கூலி சமமானாலும் இருட்டும் நிலச்சரிவும் குறையவில்லை என்பதும் உண்மை. தடை போட்டபோதும், எடுத்தபோதும், எதிர்த்தபோதும், ஆதரித்தபோதும் அந்தப் பெண்ணின் குரல் அவைக்குள் நேராக ஒலிக்கவில்லை. அதே ஆண்டில் வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டார்கள். முதலில் விழுந்தவர்கள் நிலமற்ற கூலிகளும் மீனவர்களும். உணவு அம்பேத்கரின் துறை இல்லை. ஆனால் அந்த அரசில் அவரும் ஒருவர். நியாயமான போரிலும் அதன் சுமை சாதிப்படியில் கீழே இறங்கி இறங்கிக் கடைசிப் படியில் குவிகிறது என்பதை 1943 காட்டுகிறது. அவரை நேசிக்கும் நாம்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

சட்டம் நின்றது, தேர்தல் தோற்றது

அந்தப் பதவியில் அவர் செய்தது சிறிதல்ல. 1945-இல் ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறை. 1946-இல் வாரத்துக்கு 54 மணி நேரம் 48 ஆனது. அதே ஆண்டு குறைந்தபட்சக் கூலி மசோதா அறிமுகமாகி, 1948-இல் சட்டமானது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வந்தன. ஒரு திருத்தம்: 14 மணி நேர வேலையை அம்பேத்கர் 8 மணி நேரமாக்கினார் என்று நம் சுவரொட்டிகளில் எழுதுகிறோம். அவர் செய்தது 54-ஐ 48 ஆக்கியது. உண்மையே போதுமான அளவு பெரியது. கூட்ட வேண்டியதில்லை.

1944 செப்டம்பரில் சென்னைக்கு வந்தபோது, 1937-இல் நீதிக்கட்சி ஏன் தோற்றது என்று அதன் தலைவர்கள் முன்னிலையிலேயே விளக்கினார்: படித்தவர்களுக்கு உத்தியோகம் கேட்டார்கள், கிராமத்து ஏழைகளை மறந்தார்கள். ஓராண்டு கழித்துத் தேர்தல் அவர் வாசலுக்கே வந்தது. 1945-46 தேர்தலில் 151 இடங்களில் ஏறத்தாழ 40-இல்தான் முதல் கட்டத் தேர்தலே நடந்தது. பட்டியலினத்தார் கூட்டமைப்பு வென்றவை இரண்டே இடங்கள். அதில் ஒருவர் வங்கத்தின் ஜோகேந்திரநாத் மண்டல். தேர்தல் முறை நம்மைத் தோற்கடித்தது. கிளைகள் இல்லாத ஊர்களில் நம் அமைப்பின் பலவீனமும் தோற்கடித்தது. தேர்தல் முடிவைக் கண்ட அமைச்சரவைத் தூதுக்குழு நம்மைத் தனித் தரப்பாக ஏற்க மறுத்தது. நியமனத்தால் கிடைத்த அதிகாரம் சட்டங்களைத் தந்தது. வாக்கால் கட்டப்படாததால் பேச்சுவார்த்தை மேசையில் இடத்தைத் தரவில்லை.

மண்டலின் துணையோடு வங்கத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைந்த அம்பேத்கர், 1947-இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தை முன்வைத்தார். தனித் தொகுதி உரிமையும் முக்கியத் தொழில்களை அரசுடைமையாக்குவதும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. வேலையில்லாதவன் சோற்றுக்காகத் தன் அடிப்படை உரிமைகளை முதலாளியிடம் விட்டுக்கொடுப்பான்; அரசு விலகி நின்றால் வளர்வது முதலாளியின் சர்வாதிகாரம் என்பது அவர் வாதம். 1938-இன் தெருவும் 1943-இன் சுரங்கமும் அந்த வாதத்துக்குப் பின்னால் இருக்கின்றன. 1952-இல் பம்பாய் வடக்கில் அவரையே தோற்கடித்தார்கள். காங்கிரஸ் நிறுத்தியவர் அவருடைய முன்னாள் உதவியாளர் நாராயண் கஜ்ரோல்கர்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒருநாள் வேலையை 12 மணி நேரம்வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கிளம்பின. மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. ஏறத்தாழ பத்து நாளில் நடந்த இதைச் சாத்தியமாக்கியது அவைக்குள் எழுந்து வெளியேற ஆளும், வெளியே நிற்கக் கூட்டமும் இருந்ததுதான். 1938-இல் ராஜாவுக்கு முதலாவது இல்லை. 1946-இல் அம்பேத்கருக்கு இரண்டாவது போதவில்லை.

எனவே அடுத்த தேர்தலில் நம் ஊருக்கு வரும் வேட்பாளரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம். உங்களைத் தேர்ந்தது யார்? போர் வந்தால் அதன் சுமை யார் தலையில் விழும் என்று அவையில் கேட்பீர்களா? வேலைநேரத்தைக் கூட்டும் மசோதா வந்தால் கட்சிக் கொறடாவை மீறுவீர்களா? பதில் என்னவானாலும் எழுதி வைத்துக்கொள்வோம். கேட்கும் வரிசையில் சுரங்கத்துக்குள் இறங்கிய அந்தப் பெண்களின் பேத்திகள் முன்னால் நிற்கட்டும்.

ஜெய்பீம்.