பண்டிகைக் காலமும் வரலாற்றுக் காதல் நாவலும்

பண்டிகைக் கால வரலாற்றுக் காதல் நாவல் என்பது, கடந்த நூற்றாண்டு ஒன்றைக் களமாகவும், காதலைக் கதையின் உயிராகவும், ஆண்டுக்கொருமுறை வரும் திருநாளைக் கதைமாந்தர் ஒருவரையொருவர் காணும் பொழுதாகவும் கொண்டு எழுதப்படும் புனைகதை வகையாகும். ஆங்கில வாசகரிடையே இது கிறிஸ்துமஸை ஒட்டி வளர்ந்தது. தமிழில் ஆடிப்பெருக்கு, இந்திர விழா போன்ற திருநாள்கள் கதைக்குள்ளும், தீபாவளி மலர், அரையாண்டு விடுமுறை, பொங்கலை ஒட்டிய புத்தகக் காட்சி ஆகியவை வாசிப்பிலும் அந்த இடத்தைப் பெற்றுள்ளன. தமிழ் வரலாற்று நாவல்களில் மிகுதியாகப் படிக்கப்படும் ‘பொன்னியின் செல்வன்’ கடலூர் மாவட்டத்து ஏரிக்கரையொன்றில் ஒரு பண்டிகை நாளன்று தொடங்குவதால், அம்மாவட்டத்துக்கு இவ்வகையின் வரலாற்றில் தனியிடம் உண்டு.

மேலை நாட்டுத் தோற்றம்

வரலாற்று நாவலுக்கு நிலையான வடிவம் தந்தவர் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஆவார். 1814இல் வெளிவந்த அவருடைய ‘வேவர்லி’, மெய்யான வரலாற்று நிகழ்ச்சிகளுக்கு நடுவே கற்பனை நாயகன் ஒருவனை உலவவிடும் முறையைப் பரப்பியது. அதே காலத்தில் அமெரிக்கரான வாஷிங்டன் இர்விங், இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில் பழைய முறைப்படி கொண்டாடப்பட்ட கிறிஸ்துமஸைப் பற்றி எழுதிய சித்திரங்களும், 1843 டிசம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ என்னும் கதையும், அப்பண்டிகையைக் கதை படிப்பதற்குரிய பருவமாக நிலைநிறுத்தின. இளவரசர் ஜார்ஜ் தந்தைக்குப் பதிலாள் நின்று ஆட்சி செலுத்திய 1811 முதல் 1820 வரையிலான ‘ரீஜென்சி’ காலம், 20ஆம் நூற்றாண்டில் ஜார்ஜெட் ஹேயரின் நாவல்கள் வழியாக வரலாற்றுக் காதல் கதைகளுக்கு உகந்த களமாயிற்று. பிற்காலத்தில் மேரி பாலோ முதலியோர் அந்தக் காலத்தையும் கிறிஸ்துமஸையும் இணைத்துத் தொடர்ந்து எழுதினர்.

இக்கதைகளில் பண்டிகை வெறும் அலங்காரமாக நிற்பதில்லை. கட்டுப்பாடு மிகுந்த பழைய சமூகத்தில், பெருங்குடிப் பெண்ணும் அயலானும் தடையின்றிச் சந்திக்க வாய்ப்பு அரிது. பண்டிகை அவ்வாய்ப்பைத் தருகிறது. உறவினரும் விருந்தினரும் ஒரே மாளிகையில் பல நாள் தங்குவதும், பனிப்பொழிவால் வழி அடைபடுவதும், ஆடலும் பாடலும் அன்றாட விதிகளைச் சற்றே தளர்த்துவதும் காதல் கதைக்கு வேண்டிய சூழலை அமைத்துக் கொடுக்கின்றன.

தமிழ்த் தொல்மரபு

திருவிழாவில் காதலை வைத்துக் கதை சொல்லும் முறை, நாவல் என்னும் வடிவம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழில் வேரூன்றியிருந்தது. கழார் என்னும் காவிரித் துறையில் புதுப்புனல் விழாவின்போது ஆடிய ஆட்டனத்தி என்பவனை வெள்ளம் கவர்ந்து சென்றதையும், அவன் மனைவி ஆதிமந்தி கரை நெடுகத் தேடி அலைந்ததையும் அகநானூற்றுப் புலவர் பரணர் குறிப்பிடுகிறார். ஆதிமந்தியைக் கரிகாலன் மகள் என்கிறது சிலப்பதிகாரம். வையையில் புதுவெள்ளம் வரும் நாளில் மதுரை மக்கள் நீராடித் திளைப்பதையும், அங்கே காதலர் ஊடுவதையும் கூடுவதையும் பரிபாடல் விரித்துரைக்கிறது.

சிலப்பதிகாரத்தில் இந்திர விழா கதையின் திருப்புமுனையாகவே அமைகிறது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடந்த அவ்விழாவின் முடிவில் நகரத்தார் கடலாடச் செல்ல, கோவலனும் மாதவியும் நெய்தற் கானலில் யாழிசைத்துப் பாடிய பாடல்களே ஒருவரையொருவர் ஐயுறச் செய்து அவர்களைப் பிரிக்கின்றன. மணிமேகலைக் காப்பியமும் அதே விழாவுக்குப் பறையறைவதிலிருந்து தொடங்குகிறது. பிற்கால நாவலாசிரியர்கள் பூம்புகாரைக் களமாக எடுத்தபோது, விழாக்கூட்டத்தினிடையே கதையைத் தொடங்கும் முறை அவர்களுக்கு ஆயத்தமாகக் கிடைத்தது.

தொடக்க கால நாவல்கள்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் முதல் தமிழ் நாவலாக வெளிவந்தது. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’ முதல் தமிழ் வரலாற்று நாவலாகப் பெரும்பாலோரால் ஏற்கப்படுகிறது. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட அந்நூல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் காதலைப் பேசுவதால், தமிழில் வரலாற்று நாவலும் வரலாற்றுக் காதல் நாவலும் ஒரே நூலில் பிறந்தன எனலாம். எனினும் நூல் வடிவில் மட்டும் வந்த இத்தகைய முயற்சிகள் படித்தவர் சிலரையே எட்டின. பெருந்திரளான வாசகரை உருவாக்கியவை வார இதழ்களே.

வார இதழ்த் தொடரும் தீபாவளி மலரும்

1926இல் தொடங்கி 1928இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடன், 1941இல் ரா. கிருஷ்ணமூர்த்தியும் (1899–1954) டி. சதாசிவமும் தொடங்கிய கல்கி, 1947இல் வந்த குமுதம் ஆகியவை தொடர்கதை என்னும் வெளியீட்டு முறையைத் தமிழ் வீடுகளின் வாராந்திர வழக்கமாக்கின. தொடர்கதை என்பது நாவலை இதழுக்கொரு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலோடு நிறுத்தும் முறையாகும். 1930களிலிருந்து வழக்கூன்றிய தீபாவளி மலர், சாதாரண இதழைவிடப் பெரிய அளவில், வண்ண ஓவியங்களுடனும் சிறுகதைகளுடனும் கட்டுரைகளுடனும் ஆண்டுக்கு ஒருமுறை வந்தது. புதுத்துணி, பட்சணம் ஆகியவற்றோடு மலரும் வீட்டுக்கு வந்து, எண்ணெய்க் குளியலுக்குப் பின் ஒருவர் மாற்றி ஒருவர் படிப்பது நடுத்தரக் குடும்பங்களின் பண்டிகை முறைகளுள் ஒன்றாயிற்று.

கல்கி என்னும் புனைபெயரில் எழுதிய கிருஷ்ணமூர்த்தி, ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகிய பல்லவர் காலக் கதைகளுக்குப் பின், 1950 அக்டோபர் 29 அன்று, தீபாவளி வரும் ஐப்பசி மாதத்தில், ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கி 1954 வரை எழுதினார். மணியம் வரைந்த ஓவியங்கள் அக்கதைமாந்தருக்கு வாசகர் மனத்தில் நிலையான முகங்களைத் தந்தன. வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் வழக்கம் பரவியதால், விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குச் சென்ற பிள்ளைகள் பரணிலிருந்த பைண்டு வால்யூம்களின் வழியே சோழர் காலத்தை அறிந்தனர்.

வீரநாராயண ஏரியும் ஆடிப்பெருக்கும்

தென்மேற்குப் பருவமழையால் காவிரி பெருகிவரும் ஆடி மாதம் 18ஆம் நாள் ஆடிப்பெருக்கு அல்லது பதினெட்டாம் பெருக்கு எனப்படுகிறது. பெண்கள் ஆற்றங்கரையில் காதோலை, கருகமணி, மஞ்சள், பூ ஆகியவற்றை வைத்துப் படைப்பதும், மஞ்சள் சரடு மாற்றிக்கொள்வதும், குடும்பத்தோடு கலந்த சாதம் உண்பதும் இந்நாளின் மரபுகள். ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் முதல் அத்தியாயம், இந்நாளின் மாலையில் இளம் வீரன் வல்லவரையன் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரைமீது குதிரையில் வருவதோடு தொடங்குகிறது. அவன் ஏரியின் கண்வாய்களை எண்ணி வியப்பதும், கரையில் குடும்பங்கள் கூடி உண்டு பாடிக் களிப்பதும், அக்களிப்பினிடையே சோழ நாட்டில் பெருஞ்செல்வாக்குள்ள பழுவேட்டரையரின் ஆட்களைக் கண்டு மக்கள் ஒதுங்குவதும், அரசின் செழிப்பையும் அதனடியில் கிடக்கும் அச்சத்தையும் ஒரே காட்சியில் வாசகருக்கு உணர்த்துகின்றன.

அந்தத் திருநாள் கதையில் மூன்று பணிகளைச் செய்கிறது. ஊரெல்லாம் வெளியில் திரண்டிருப்பதால் அயலானாகிய வந்தியத்தேவன் எவர் ஐயத்துக்கும் ஆளாகாமல் நாட்டு நிலையை அறிகிறான். அன்றிரவே கடம்பூர் மாளிகையில் குரவைக் கூத்தும் வெறியாட்டும் நடப்பதால், சிற்றரசர்கள் விருந்தினராகக் கூடி நள்ளிரவில் சதியாலோசனை செய்வது இயல்பாகத் தோன்றுகிறது. பழுவேட்டரையரின் இளையராணியைச் சுமந்து வருவதாக எல்லோரும் எண்ணிய மூடுபல்லக்கிலிருந்து, சதிகாரர் அரியணையில் அமர்த்த விரும்பும் மதுராந்தகன் வெளிவருவதை வந்தியத்தேவன் கண்டுகொள்ள, சோழ இளவரசி குந்தவையிடம் அவன் செல்லும் பயணம் புதிய பொருள் பெறுகிறது. நாவலின் அரசியலும் காதலும் அந்த ஒரு நாளிலிருந்தே கிளைக்கின்றன.

வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர். அப்பெயர் பெற்ற ஏரி இன்று வீராணம் எனப்படுகிறது. ஏறத்தாழ 16 கி.மீ. நீளமுள்ள அது காட்டுமன்னார்கோயில் பகுதியில் உள்ளது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் காவிரி நீரே அதை நிரப்புகிறது. ஏரியை வெட்டுவித்தவன் பராந்தகன் மகன் இராசாதித்தன் என்பதும், அவன் தக்கோலப் போரில் உயிர்நீத்ததும் நாவலில் இடம்பெறுகின்றன. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, நாவலில் கொலையுறும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சுட்டி, அவர்களுடைய சுற்றத்தாரின் உடைமைகள் கைப்பற்றப்பட்டதைக் கூறுகிறது. இவ்வாறு, கதை தொடங்கும் பண்டிகைக் களமும் கதையின் கொலைக்குரிய கல்வெட்டுச் சான்றும் ஒரே ஏரியின் அருகில் அமைந்துள்ளன.

கல்கிக்குப் பின்

கல்கியின் மறைவுக்குப் பின் இவ்வகை பல கிளைகளாக வளர்ந்தது. நா. பார்த்தசாரதியின் ‘மணிபல்லவம்’ பூம்புகாரின் இந்திர விழாவில் தொடங்கி, சிலப்பதிகாரம் காட்டிய விழாக்களத்தை நாவலுக்கு மீட்டுத் தந்தது. அங்கே நாயகன் இளங்குமரன் யவன மல்லன் ஒருவனோடு பொருது வெல்வதும், சுரமஞ்சரி என்னும் செல்வர் மகள் அவன்மீது ஈடுபாடு கொள்வதும் அவ்விழாச் சூழலிலேயே நிகழ்கின்றன. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ முதலாம் இராசேந்திரன் காலத்தைக் கூறி, 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ மூலம் பொன்னியின் செல்வனின் கதைமாந்தரைத் தொடர்ந்தார்.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவலூரில் பிறந்த சாண்டில்யன் (1910–1987), ‘யவன ராணி’, ‘கடல் புறா’, ‘கன்னி மாடம்’ முதலான தொடர்களில் போர் உத்தியையும் கடற்பயணத்தையும் சிருங்கார வருணனையையும் கலந்து தனக்கென ஒரு நடையை அமைத்துக்கொண்டார். குமுதம் இதழில் லதாவின் ஓவியங்களோடு வந்த அவருடைய கதைகள், தமிழ் வரலாற்று நாவலைக் காதல் நாவலுக்கு மிக நெருக்கமாகக் கொண்டுசென்றன. வாடகை நூலகங்களில் அவருடைய நூல்களுக்கு நீண்ட காலம் தேவை குறையாதிருந்தது.

மதிப்பீடு

இந்நாவல்களின் வரலாற்றுத் தன்மை குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. ஜெயமோகன் போன்ற திறனாய்வாளர்கள், கடந்த காலத்தின் சமூக முரண்களை ஆராயும் நாவலிலிருந்து இவற்றைப் பிரித்து, வீரத்தையும் காதலையும் உயர்த்திக் காட்டும் மிகுபுனைவாக வகைப்படுத்துகின்றனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை எழுதிய பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகியவை அந்த வேறுபட்ட போக்குக்குச் சான்றுகள். மறுபுறம், பொன்னியின் செல்வனில் வரும் நந்தினியும் பூங்குழலியும் கற்பனை மாந்தரே எனினும், குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவரைத் தஞ்சைக் கல்வெட்டு குறிப்பிடுவதால், கல்கி கற்பனையைச் சான்றுகளின் இடைவெளிகளில் வைத்தே நெய்தார் என்பதையும் ஏற்க வேண்டியுள்ளது. கல்வெட்டு தராத மாந்தரின் உணர்வை நாவலும், நாவல் நிறுவ முடியாத உண்மையைக் கல்வெட்டும் தருவதால், ஒன்றைப் படித்தவர் மற்றொன்றை நாடிச் செல்வதே இவ்வகையின் பெரும் பயன் ஆகும்.

வாசகர் கடந்த காலத்தை நெருங்கப் பண்டிகைக் களம் பெரிதும் துணைபுரிகிறது. அரண்மனையும் யானைப்படையும் இன்றைய வாசகர் அறியாதவை. ஆனால் புதுவெள்ளத்தைக் காணக் கரையில் கூடுவதும் கட்டுச்சோறு பிரித்து உண்பதும் அவர் தம் வீட்டில் கண்டவை. தாம் கொண்டாடிய நாளையே பத்தாம் நூற்றாண்டு மாந்தரும் கொண்டாடுவதைக் காணும்போது, வாசகருக்கு அக்காலம் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

அண்மைக்கால நிலை

கடலூர் மாவட்டத்தில் இந்நாவல்களின் வாசிப்பு பண்டிகை விடுமுறையோடு மட்டும் நிற்கவில்லை. 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நகரியம், பல மாவட்டங்களிலிருந்து வந்த பணியாளர் குடும்பங்கள் வட்டம் வட்டமாகக் குடியமர்ந்த ஊர் ஆகும். அங்கே 1990களின் இறுதியிலிருந்து நிறுவனம் நடத்திவரும் நெய்வேலி புத்தகக் கண்காட்சி, பெரும்பாலும் ஆடிப்பெருக்குக்குச் சில வாரங்கள் முன்னதாக ஜூலை மாதத்தை ஒட்டி நடைபெறுவதால், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விருத்தாசலம் ஆகிய சுற்றுவட்டார ஊர்களின் வாசகருக்குச் சென்னை வரை செல்லாமலேயே நூல்கள் கிடைக்க வழி பிறந்தது. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடைபெறுவதால், கிறிஸ்துமஸோடு வரும் அரையாண்டு விடுமுறையும் டிசம்பர் மாதப் புதிய வெளியீடுகளும் சேர்ந்து தீபாவளிக்கு அடுத்ததாகத் தமிழகத்தின் இரண்டாம் வாசிப்புப் பருவமாகியுள்ளன.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின், பல பதிப்பகங்களின் மலிவுப் பதிப்புகளாலும் ஒலி நூல்களாலும் பொன்னியின் செல்வன் புதிய தலைமுறையை எட்டியது. மணிரத்னம் இயக்கத்தில் அதன் திரைவடிவம் 2022 செப்டம்பர் 30 அன்றும் 2023 ஏப்ரல் 28 அன்றும் இரு பாகங்களாக வெளிவந்தபோது, நூலின் விற்பனை மீண்டும் உயர்ந்ததோடு, வீராணம், உடையார்குடி, கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர் ஆகிய இடங்களை நாவலின் வரிசைப்படி காணச் செல்லும் வாசகப் பயணங்களும் பெருகின. காவிரியின் நீர்வரத்து குறையும் ஆண்டுகளில் ஆடிப்பெருக்கு பல கரைகளில் சடங்களவில் சுருங்கிவிடுகிறது. அத்தகைய காலத்தில், வெள்ளம் கரைபுரண்ட ஒரு திருநாளின் முழு வடிவத்தையும் அதைக் கொண்டாடிய மக்களின் மனநிலையையும் பாதுகாத்து வைத்திருக்கும் பண்பாட்டு ஆவணங்களாகவும் இந்நாவல்கள் போற்றத்தக்கவை.