துப்பாக்கிக்குப் பேர் பாதுகாப்பு, கண்ணிக்குப் பேர் திருட்டு

கோடை மலைக்கு ஒரு தலைவன் இருந்தான். கடியநெடுவேட்டுவன் என்று பேர். புறநானூற்றில் பெருந்தலைச்சாத்தனார் அவனைப் பாடியிருக்கிறார். அந்தக் கோடை இன்றைய கொடைக்கானல் மலைதான் என்று கொள்கிறவர்கள் உண்டு. பக்கத்திலேயே பழனியில் ஆவியர் குலத்துப் பேகன், மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். பேகனைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். வேட்டுவனைத் தமிழ் எம்.ஏ. படித்தவர்களிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. விலங்கின்மேல் இரக்கப்பட்டவன் வள்ளல், விலங்கை அறிந்தவன் வெறும் வேடன். இந்தப் பிரிப்பு நமக்குப் பழசு. இதைச் சட்டமாகவும் சிறையாகவும் ஆக்கியவர்கள் வெள்ளைத் துரைமார்கள். அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது சுதந்திர இந்தியா.

1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். கீழ்நாட்டு வெயிலும் நோயும் அவர்களை மேலே விரட்டின. அவர்கள் வந்தபோது மலை காலியாக இல்லை. குன்னுவர் வெள்ளாமை செய்தார்கள். பளியர் தேனும் கிழங்கும் எடுத்தார்கள். புலையர் குன்னுவர் நிலத்தில் அடிமைப்பட்டு உழைத்தார்கள். 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டுக் கையேட்டிலும், 1906இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெசட்டியரிலும் இந்த மூன்று சனமும் இருக்கிறது. தோழர்கள் இந்த கெசட்டியரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் அது தேவைப்படும்.

மலைக்கு வந்த துரைக்குப் பொழுதுபோக்கு வேட்டை. வரையாடு, காட்டுமாடு, கடமான், புலி, சிறுத்தை. ஆனால் துப்பாக்கி மட்டும் இருந்தால் வேட்டை நடந்துவிடுமா? எந்தப் பாறை இடுக்கில் வரையாடு படுக்கும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் அதுக்கு மோப்பம் தட்டும், காட்டுமாடு எந்தச் சோலையில் இறங்கும் என்பதெல்லாம் மலைச்சனத்துக்குத்தான் தெரியும். தடம் பார்த்தது, புதர் கலைத்தது, செத்ததைச் சுமந்து வந்தது அவர்கள். தலை மட்டும் துரை பங்களாச் சுவரில். துரைமார் எழுதிய வேட்டைப் புத்தகங்களில் துப்பாக்கிக்குக்கூடப் பேர் இருக்கும். வழிகாட்டியவனுக்குப் பெரும்பாலும் ‘ஷிகாரி’ என்ற பொதுப்பேர்தான்.

அப்புறம் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1873இல் சென்னை மாகாணத்தில் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம். அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை யானையைக் கொன்றவனுக்குச் சர்க்காரே பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது என்பது தனிக்கதை. 1878இல் ஆயுதச் சட்டம். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். 1882இல் சென்னை வனச்சட்டம். காப்புக்காடு என்று அறிவித்துவிட்டால் அதற்குள் அனுமதி இல்லாமல் வேட்டையாடுவதும் கண்ணி வைப்பதும் குற்றம். அனுமதிச்சீட்டு யார் கைக்கு வரும்? துப்பாக்கி உரிமம் இருக்கிறவன், கட்டணம் கட்டக் காசு இருக்கிறவன், இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவன். ஆக, துரை சுட்டால் அது விளையாட்டு. நம்ம ஆள் கண்ணி வைத்தால் அது திருட்டு. செத்தது ரெண்டிலும் அதே கடமான்தான்.

சீட்டு வைத்திருந்தவர்கள் சங்கம் கட்டினார்கள். 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம். அப்புறம், பழனி மலைக்கு மேற்கே மூணாறில், தேயிலைத் துரைமார்களின் ஹைரேஞ்ச் வேட்டைச் சங்கம். அளவோடு சுடு, தடைக்காலத்தில் விட்டுவிடு, அடுத்த வருஷத்துக்கு மிச்சம் வை. இன்றைக்கு உலக மேடைகளில் ‘நிலைத்த பயன்பாடு’ என்று பேசுகிறார்களே, அதன் பழைய வடிவம் இது. இதனால் பலனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரவிகுளத்தில் வரையாடு பிழைத்ததில் அந்தச் சங்கத்துக்குப் பங்கு உண்டு. அது 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. ஆனால் அந்தப் புல்வெளியைக் குளிரிலும் மழையிலும் நடந்து காத்தவர்கள் முதுவர்கள். சங்கத்துக்கு வரலாறு இருக்கிறது. முதுவருக்குக் கூலிக்கணக்கு இருக்கிறது.

வேட்டை மதிப்பிழந்த காலத்தில் இந்தச் சங்கங்கள் ரெண்டும் பேரை மாற்றிக்கொண்டன. ‘வேட்டை’ என்ற சொல் போய் ‘வனவிலங்கு’, ‘சுற்றுச்சூழல்’ என்ற சொற்கள் வந்தன. வேட்டைக்காரர் சூழலியலாளர் ஆனார். மாற்றிக்கொள்ளப் பெயர்ப்பலகை இருந்தவர்களுக்கு அது முடிந்தது. பளியனுக்கும் புலையனுக்கும் ஏது பலகை?

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 39ஆம் பிரிவின்படி காட்டில் செத்துக் கிடக்கும் விலங்கும் அரசின் சொத்து. செந்நாய் அடித்துப் போட்டதில் மலைச்சனம் ஒரு துண்டு கறி எடுத்தால்கூட வழக்கு. அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு நிக்கோபார் பழங்குடிகளின் வேட்டை உரிமையைத் தொடவில்லை. விலக்கு தர முடியும் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே தர மனசு இல்லை. இத்தனைக்கும் பழனி மலை வரையாட்டின் மேய்ச்சல் புல்வெளியை விழுங்கியது எவனுடைய கண்ணியும் அல்ல. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விஸ்கோஸ் ஆலைக் கூழுக்காகவும் அரசே நட்ட சீகையும் தைலமரமும்தான் அதை விழுங்கின. அதுக்கு எந்தப் பிரிவில் வழக்கு?

வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. அதற்கும் கொடைக்கானலோடு ஒரு தொடர்பு உண்டு. கொடைக்கானல் அமெரிக்கப் பள்ளியில் படித்து, இந்த மலைகளில் பாம்பு பிடித்தும் வேட்டையாடியும் வளர்ந்தவர் ரோமுலஸ் விட்டேகர். பின்னாளில் சென்னையில் பாம்புப் பண்ணை தொடங்கினார். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களிடம் பாம்பு பற்றிக் கற்றுக்கொண்டார். அந்த இருளர்கள் அதுவரை பாம்புத்தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1970களில் சட்டமும் ஏற்றுமதித் தடையும் வந்து பிழைப்பு போனது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் உரிமத்தோடு பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் எடுத்துக் கொடுத்தது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே கை, அதே அறிவு. உரிமமும் சங்கமும் வந்ததும் குற்றம் சேவையாகிவிட்டது.

தேனி எல்லையை ஒட்டிய பெரியாறு காட்டிலும் இதுபோல நடந்தது. வயணா மரப்பட்டை திருடியதாக வழக்குகளைச் சுமந்தவர்கள் 1990களின் இறுதியில் குழுவாகச் சேர்ந்து, பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போனார்கள், காவலும் காத்தார்கள்.

பழனி மலைக்கு இப்படி எதுவும் வரவில்லை. வந்தது 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், சுமார் 600 சதுர கிலோமீட்டர். அதற்கு முன்பே 2006இல் வன உரிமைச் சட்டம் வந்திருந்தது. அதன் 3ஆம் பிரிவு வேட்டை உரிமையைத் தெளிவாக விலக்குகிறது. ஆனால் 5ஆம் பிரிவு வனவிலங்கையும் காட்டையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்குத் தருகிறது. துரைமார் சங்கம் தனக்குத் தானே எடுத்துக்கொண்ட அதிகாரம், சட்டப்படி நம் சனத்துக்கு வருகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கால் பட்டா வழங்குவது 2016 வரை தடைப்பட்டுக் கிடந்தது. இப்போது அந்தத் தடை இல்லை.

இங்கேதான் சாதி குறுக்கே வருகிறது. பளியர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். மலைப்புலையர் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எழுத்தே மறுக்கப்பட்ட சனத்திடம் 75 வருஷத்துக்குக் காகிதம் கேட்கிறார்கள்!

காகிதம் இருக்கிறது. சட்டத்தின் 13ஆம் விதி கெசட்டியரைச் சான்றாக ஏற்கச் சொல்கிறது. புலையரை அடிமை என்று எழுதி வைத்த அந்தப் புத்தகங்களே அவர்கள் இந்த மலையின் பூர்வகுடி என்பதற்குச் சாட்சி. அதே விதி, பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வைத்தாலும் சான்று என்கிறது. மாணவத் தோழர்கள் ஊர் ஊராகப் போய், எந்தச் சோலையில் எது மேய்ந்தது, எந்தத் தடத்தில் யார் நடந்தார் என்று பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டு எழுத வேண்டும். கிராமசபையில் வைக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.