லக்கல தேர்தல் தொகுதி (1960–1989): ஒரு சிறு வரலாறு

தேர்தல் இரவில் "லக்கல தேர்தல் தொகுதி முடிவு" என்று அறிவிக்கும்போது, லக்கலைக்கு ஒரு எம்.பி. கிடைத்துவிட்டார் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் 1989இற்குப் பிறகு அப்படி ஒருவர் இல்லை. இன்று மாத்தளை மாவட்டத்தில் வாக்கு எண்ணும் நான்கு பிரிவுகளில் லக்கலையும் ஒன்று. மற்றவை தம்புள்ள, மாத்தளை, ரத்தோட்டை. நான்குக்கும் சேர்த்து ஐந்து ஆசனங்கள்.

1959 எல்லை நிர்ணயத்தில் நாட்டின் தெரிவு செய்யப்படும் உறுப்பினர் தொகை 95இலிருந்து 151 ஆனது. அதோடு லக்கலையும் தனித் தொகுதியானது. முதல் தேர்தல் 1960 மார்ச் 19. நாடு முழுக்க ஒரே நாளில் வாக்களித்த முதல் பொதுத் தேர்தலும் அதுவே. அரசாங்கம் நிலைக்கவில்லை. ஜூலை 20இல் லக்கலை மக்கள் மீண்டும் வரிசையில் நின்றார்கள்.

அன்றைய கணக்கு நாம் அறிய வேண்டியது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் மேலதிகமாக ஓர் ஆசனம். காடும் மலையுமாகச் சனத்தொகை ஐதாக இருந்த பிரதேசங்களுக்கு இது வாய்ப்பு. அதைவிட முக்கியம், எண்ணப்பட்டது வாக்காளரை அல்ல, ஆட்களை. 1948, 1949 சட்டங்களால் குடியுரிமையும் வாக்கும் இழந்த மலையகத் தோட்ட மக்களின் தலைகளும் அதில் அடங்கின. அவர்களை எண்ணி மலையகத்தில் ஆசனம் கூடியது. வாக்குச்சீட்டு மட்டும் அவர்கள் கைக்குப் போகவில்லை. இதைவிடக் கொடுமையான கணக்கு வேறென்ன?

1965, 1970, 1977 என்று அதே முறையில் தேர்தல்கள் நடந்தன. 1977இல் ஐ.தே.க. பாதியை விடச் சற்றே கூடிய வாக்குகளால் 168இல் 140 ஆசனங்களை எடுத்தது. ஏறத்தாழ 30 வீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. அதன்பின் தொகுதிவாரிப் பொதுத் தேர்தலே வரவில்லை. 1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பு பாராளுமன்ற ஆயுளை நீட்டியது. 1989 பெப்ரவரி 15இல் விகிதாசார முறை வந்தது.

சிதறி வாழும் எங்களைப் போன்றவர்களுக்குப் புதிய முறையில் லாபம் உண்டு என்பதே எங்கள் கருத்து. தனித் தொகுதியில் தோற்றவருக்குப் போட்ட வாக்கு அப்படியே வீண். இப்போது மாவட்டம் முழுவதற்குமான கணக்கில் அது சேர்கிறது. மூன்று விருப்பு வாக்குகளும் உண்டு. ஆனால் பாதை உடைந்தால் யார் கதவைத் தட்டுவது? பழைய காலத்தில் ஒரு கதவு தெரியும்.

பழைய லக்கல பல்லேகம நகரமும் இப்போது களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியில். வாக்காளர்கள் புதிய நகருக்கு வந்துவிட்டார்கள், தொகுதியின் பெயரும் அவர்களோடு.