ஆப்பிரிக்கா: கோணலாகக் கூடிய எலும்பு

கை முறிஞ்சு, சரியா பொருத்தாம கட்டுப் போட்டு, கோணலாவே எலும்பு கூடிப்போய் சில நோயாளிகள் வருவாங்க. மறுபடி உடைச்சு நேராக்கணுமா? இல்ல, அந்தக் கையோடயே வாழப் பழக்கணுமா? எங்களுக்கு இது சங்கடமான கேள்வி. 1964ல் ஒரு கண்டமே இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

200 வருடங்களுக்கு முன்னாடி அங்கே போய் "நீங்க யாரு?" என்று கேட்டிருந்தால் யோருபா, சோமாலி, அம்ஹாரா, ஜூலு என்றுதான் பதில் வந்திருக்கும். "ஆப்பிரிக்கர்" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த அடையாளத்துக்கு வயசு ரொம்பக் கம்மி.

1884 நவம்பரில் பெர்லினில் 14 நாடுகள் கூடின. ஆப்பிரிக்கர் ஒருத்தர்கூட அங்கே இல்லை. (அந்த மேசையிலேயே ஸ்கேல் வைத்து மொத்த மேப்பையும் வரைந்துவிட்டார்கள் என்று ஃபார்வர்டு வரும், நம்பாதீங்க. அங்கே பேசியது விதிகளை. கோடுகள் பெரும்பாலும் அதற்கப்புறம் விழுந்தவை.) சோமாலி மக்கள் மட்டுமே ஐந்து துண்டானார்கள். சோமாலியா கொடியில் இருக்கும் நட்சத்திரத்துக்கு ஐந்து முனை ஏன் என்று இப்போ புரியுதா?

எல்லோருக்கும் விழுந்த அடி ஒன்றுதான். அந்த வலிதான் அவர்களை ஒன்றாகச் சேர்த்தது. 1896ல் அட்வாவில் இத்தாலியைத் தோற்கடித்த எத்தியோப்பியாவின் பச்சை, மஞ்சள், சிவப்பை 1957ல் கானா தன் கொடிக்கு எடுத்துக்கொண்டது. அப்புறம் கினி, மாலி, செனகல் என்று வரிசையாக.

இன்னொரு சுவாரசியம். ஆப்பிரிக்க நாடுகளின் அரசியல் அமைப்புக்கு ஆறு வருடம் முன்னாடியே கால்பந்து அமைப்பு வந்துவிட்டது! 1957ல் கார்ட்டூமில் நடந்த முதல் கோப்பையில் நிறவெறி தென்னாப்பிரிக்காவுக்கு இடமில்லை. கறுப்பரும் வெள்ளையரும் கலந்த அணியை அனுப்ப அந்த அரசு தயாராக இல்லை. மீதி இருந்த மூன்றே நாடுகள் விளையாடின.

1963 மே 25, அடிஸ் அபாபா. 32 நாடுகள் சேர்ந்து ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கின. கண்டம் முழுக்க ஒரே அரசு வேண்டும் என்றார் கானாவின் இன்குருமா. பெரும்பாலானோர் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் கெய்ரோவில் அந்த எலும்புக் கேள்வி வந்தது. வெள்ளைக்காரன் போட்ட எல்லைகளை என்ன செய்வது? தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே முன்வைத்த தீர்மானம்: விடுதலை அடைந்த அன்று இருந்த எல்லைகள் அப்படியே இருக்கட்டும். சோமாலியாவும் மொராக்கோவும் ஏற்கவில்லை. மற்றவர்கள் ஏற்றார்கள்.

கோழைத்தனம் என்று தோணுதா? எனக்கு அப்படித் தோணல. உடைக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

ஆனால் அதற்கான பில் சீக்கிரமே வந்தது. 1967ல் நைஜீரியாவிலிருந்து பியாஃப்ரா பிரிந்தது. போர், முற்றுகை, பட்டினி. லட்சக்கணக்கான சாவுகள், பெரும்பகுதி குழந்தைகள். வயிறு ஊதி, கால் வீங்கி, முடி நிறம் வெளுத்துப்போன பிள்ளைகளின் படங்களை உலகமே பார்த்தது. மருத்துவப் புத்தகத்தில் அதன் பெயர் குவாஷியோர்கர். அந்தச் சொல்லே கானாவின் கா மொழியிலிருந்து வந்ததுதான். அங்கே வேலை பார்த்த பிரெஞ்சு டாக்டர்கள் சிலர்தான் பிறகு 1971ல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பைத் தொடங்கியவர்களில் இருந்தார்கள்.

ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு நைஜீரியா பக்கமே நின்றது. நான்கே ஆப்பிரிக்க நாடுகள் பியாஃப்ராவை அங்கீகரித்தன. 1968 ஏப்ரலில் முதலில் அங்கீகரித்தது யார் தெரியுமா? எல்லையைத் தொடாதீங்க என்று கெய்ரோவில் தீர்மானம் கொண்டுவந்த அதே நைரேரே. மக்கள் மனசார ஏற்காத ஒற்றுமையைத் துப்பாக்கியால் காப்பாற்ற முடியாது என்பது அவர் வாதம்.

1970 ஜனவரியில் பியாஃப்ரா சரணடைந்தது. நைஜீரியா பிரியவில்லை.