பக்கிங்காம் கால்வாயும் நீர்வழிக் கழிவுத் தடைச் சட்டங்களும்

ஆழ்வார்பேட்டைக்குக் கிழக்கே லஸ், மந்தைவெளி வழியாக அடையாற்றை நோக்கிச் செல்லும் பக்கிங்காம் கால்வாய், சட்டப்படி இன்றும் ஒரு தேசிய நீர்வழி. 2008இல் நாடாளுமன்றம் அறிவித்த 4ஆம் எண் தேசிய நீர்வழியில், சென்னை சென்ட்ரல் முதல் மரக்காணம் வரையிலான தென் பக்கிங்காம் கால்வாயும் அடக்கம். ஆனால் மயிலாப்பூர்ப் பக்கம் படகு போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. அவற்றின் அடியில் பாலித்தீன் பைகளும் தெர்மாகோலும் கிழிந்த மெத்தைகளும் ஒதுங்கிக் கிடக்க, இடைவெளியில் கறுப்பாகச் சாக்கடை நகர்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாயின் நீட்சி இது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. நீளப் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியால் வாடியவர்கள் கூலிக்கு மண் சுமந்து உருவாக்கிய கால்வாய் என்பதை மயிலாப்பூர்வாசிகள் மறக்கக் கூடாது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது. நெல்லும் உப்பும் விறகும் இதில் வந்திறங்கின.

தொடக்ககாலச் சட்டங்களின் அக்கறை தண்ணீரைப் பற்றியதல்ல, படகைப் பற்றியது. 1890ஆம் ஆண்டின் சென்னைக் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டம் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தவே வந்தது. 1908 இந்தியத் துறைமுகச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மணல்மேடு உண்டாக்கக்கூடிய குப்பையைத் துறைமுக நீரில் எறிவதைத் தடுத்தது. அமெரிக்காவின் 1899ஆம் ஆண்டுச் சட்டமும் கப்பல் செல்லும் நீரில் கழிவு கொட்டுவதைத்தான் தடை செய்தது. எண்ணெய்க் கசிவும் அதில் அடங்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1966இல் விரித்துப் பொருள் கொண்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 277ஆம் பிரிவோ பொது ஊற்று, நீர்த்தேக்கம் இரண்டையும் அசுத்தப்படுத்துவதை மட்டுமே குற்றமாக்கியது. ஓடும் நீர் அதில் பேசப்படவில்லை.

அந்தக் குறையைப் போக்கியது 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம். செயற்கை நீர்நிலையும், வறண்டு கிடக்கும் நீரோடையும்கூட அதன் வரையறைக்குள் வருவதால் கால்வாய்க்கும் அது பொருந்தும். மாசுப் பொருளைத் தெரிந்தே விடுவதை 24ஆம் பிரிவு தடை செய்கிறது; மீறினால் ஒன்றரை முதல் ஆறு ஆண்டுகள் வரை சிறை. 2024ஆம் ஆண்டுத் திருத்தம், அதை ஏற்கும் மாநிலங்களில், இதை 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாற்றுகிறது. வலுவான ஒரு பிரிவை இப்படித் தளர்த்தியது சரியல்ல. வீட்டுக் குப்பையை நீர்நிலையில் போடுவதை 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தடுத்தன.

சட்டத்துக்குக் குறைவில்லை; பொறுப்புதான் சிதறிக் கிடக்கிறது. கால்வாய் நீர்வளத் துறையிடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம், மாசுக் கண்காணிப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் மாசைத் தடுக்கத் தவறியதற்காகத் தமிழக அரசு 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 பிப்ரவரியில் உத்தரவிட்டது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழக்குத் தொடரும்வரை குடிமக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 1974 சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு யாரும் நேரடியாகக் குற்றவியல் நடுவரிடம் புகார் செய்யலாம். அதற்குரிய அறிக்கைகளைக் கேட்டால், பொதுநலனுக்குக் கேடு என்று கருதினாலொழிய, வாரியம் கொடுத்தாக வேண்டும்.