25 டிகிரியில் இறங்கும் உப்பு

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்தத் தண்ணீரில் பத்துக்கு ஒன்பது பங்கு ஆவியாகிப் போன பிறகுதான் சாப்பாட்டு உப்பு கீழே இறங்க ஆரம்பிக்கும். வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளியிலும் கடிநெல்வயலிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தொழில் இதுதான். தஞ்சைச் சீமை என்றால் நெல் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். காவிரித் தண்ணீர் எட்டிப் பார்க்காத இந்த மூலையில் விளைவது உப்பு. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது இங்கேதான்.

என் அம்மா உப்பளத்தில் உப்பு வாரியவர். நான் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கரைசல், வினைவேகம், சமநிலை என்று பாடம் நடத்தியவன். இந்த இரண்டு வேலையும் ஒரே வேலைதான் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உப்பளத்தில் தண்ணீரின் அடர்த்தியை டிகிரியில் சொல்வார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு அது. கடலிலிருந்து வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் 3 டிகிரி, மூன்றரை டிகிரி இருக்கும். பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட, முதலில் சுண்ணாம்பு படியும். 13 டிகிரியைத் தாண்டும்போது ஜிப்சம் படியும். 25ஐத் தொட்டால் உப்பு. 29, 30க்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்துகொண்டு கசக்கும். எந்த உப்பு குறைவாகக் கரையுமோ அது முன்னால் இறங்கும் என்ற ஒரே விதியை வைத்து, ஒரே தண்ணீரிலிருந்து ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாத்தியில் பிரித்தெடுத்துவிடுகிறார்கள்.

அம்மாவிடம் டிகிரி பார்க்கும் கண்ணாடி மிதவை கிடையாது. பாத்தியின் ஓரத்தில் நின்று பார்ப்பார். "தண்ணி செவந்துடுச்சுப்பா, உப்பு கிட்ட வந்துடுச்சு" என்பார். அவர் சொன்னது சரி. அவ்வளவு அடர்ந்த உப்புநீரில் வேறு உயிர்கள் பிழைக்காது. அதில் வாழப் பழகிய நுண்ணுயிர்கள் மட்டும் பெருகித் தண்ணீருக்குச் செந்நிறம் கொடுக்கின்றன. அந்த நிறம் வெயிலைக் கூடுதலாக உறிஞ்சி, தண்ணீர் சீக்கிரம் காயவும் உதவுகிறது.

காற்றில்லாத நண்பகலில் பாத்தியின் மேல் ஒரு ஏடு கட்டும். குனிந்து பார்த்தால் அது சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது. ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, ஓரம் உயர்ந்து, தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். பார்க்க அழகாக இருந்தாலும் அதை விட்டுவைக்க மாட்டார்கள். ஏடு மூடினால் தண்ணீர் ஆவியாவது மட்டுப்படும். பலகையால் அதைக் கலைத்து அடியில் இறக்குவார்கள். பரப்பு குறைந்தால் வேகம் குறையும் என்று நான் கரும்பலகையில் எழுதியதை அவர்கள் பலகையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வெடியுப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து ஆறவைத்தால் படிகம் கிடைத்துவிடும். சோற்றுப்பு அப்படிப்பட்டதல்ல. 100 கிராம் தண்ணீரில் 25 டிகிரி செல்சியஸில் 36 கிராம் கரையும் என்றால், கொதிநிலையிலும் 39 கிராம்தான் கரையும். குளிரவைத்து இந்த உப்பைப் பெற முடியாது, தண்ணீரை விரட்டித்தான் பெற வேண்டும். அதற்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும், காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தெவிட்டிய உப்புநீர் ஆவியாவது நின்றுவிடும். அதற்கும் மேலே போனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உப்பே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பனி இறங்கும் விடியற்காலையில் வேலையே செய்யாத பாத்தி, பத்து மணி வெயிலுக்கு மேல் உயிர் பெறுகிறது. ஐப்பசி மழையில் தொழில் அடியோடு நின்றுபோகிறது.

பாத்தியின் அடியில் படிகம் கிடக்க, மேலே தெவிட்டிய கரைசல் நிற்கும். பார்வைக்கு அசைவே இல்லை. ஆனால் ஒவ்வொரு நொடியும் படிகத்திலிருந்து சோடியமும் குளோரைடும் கழன்று தண்ணீருக்குப் போகின்றன, அதே அளவு திரும்பி வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதைத்தான் இயங்குச் சமநிலை என்கிறோம். தண்ணீர் கொஞ்சம் ஆவியானால் திரும்பி வருவது மிகும், உப்பு வளரும். ஒரு மழை பெய்தால் கழன்று போவது மிகும், வாரக் காத்திருந்த உப்பு ஒரே இரவில் கரையும்.

இந்தச் சமநிலை என்ற எண்ணம் வேதியியலுக்குள் வந்ததே ஓர் உப்பு ஏரிக் கரையில்தான். 1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குப் போன வேதியியலாளர் பெர்தொலே, அங்கே நாட்ரன் ஏரிகளின் ஓரத்தில் சோடா உப்பு படிந்திருப்பதைக் கண்டார். ஆய்வுக்கூடத்தில் சோடா உப்பும் கால்சியம் குளோரைடும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கல்லும் சோற்றுப்பும் கிடைக்கும். ஏரியில் அது தலைகீழாக நடந்திருந்தது. உப்பும் சுண்ணாம்புக்கல்லும் ஏராளமாகக் கிடந்ததால் வினை பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று அவர் உணர்ந்தார், 1803இல் நூலாக எழுதினார். 1864இல் நார்வேயின் குல்பர்க்கும் வாகேயும் அதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தார்கள். பாடப்புத்தகம் இவர்களின் பெயரைச் சொல்கிறது, அந்த ஏரியைச் சொல்வதில்லை.

வேதாரண்யத்துச் சதுப்பிலும் இயற்கை இதே மாதிரி தன் வேலையைச் செய்துவந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும். கோடையில் பள்ளங்களில் தங்கிய தண்ணீர் வற்றி, யாரும் விதைக்காத உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அதைக் குனிந்து அள்ளுவது ஒரு காலத்தில் குற்றம். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1889இல் சென்னை உப்புச் சட்டம் வந்தது. தண்ணீர் வற்றுவதை எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியாது. அதனால் அள்ளுகிற கையைத் தடுத்தார்கள். வசதியுள்ளவனும் கூலிக்காரனும் உப்பில் ஒரே வரியைக் கட்டினார்கள். என் பார்வையில் இந்நாட்டில் போடப்பட்ட வரிகளில் இதைப்போல இரக்கமற்றது வேறில்லை.

இந்தச் சட்டத்தை மீறி உப்பு அள்ள, 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாளில் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். தஞ்சை கலெக்டர் தோர்ன், அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் ஏற்பாடுகளைச் செய்தவர் வேதரத்தினம் பிள்ளை. ஏப்ரல் 30 அதிகாலையில் ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். அவருக்கு ஆறு மாதச் சிறை. வைரப்பன் என்ற நாவிதர், பாதி சவரம் செய்த பிறகு அந்த ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் மீதிச் சவரம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனார். அவரை இந்த ஊர் இன்றும் நினைக்கிறது. உப்பு வரி 1947இல்தான் நீங்கியது.

சித்திரை வெயிலில் ஏன் நடந்தார்கள்? காந்தி மார்ச் 12இல் புறப்பட்டு ஏப்ரல் 6இல் தண்டியில் உப்பை எடுத்தார், இங்கே அதைத் தொடர்ந்தார்கள் என்பது அரசியல் காரணம். ஆனால் பருவமும் அவர்களோடு நின்றது. ஐப்பசியில் வந்திருந்தால் அள்ளுவதற்கு உப்பு இருந்திருக்காது, சேறுதான் இருந்திருக்கும்.

அந்தச் சேற்றை 2018 நவம்பர் 16இல் கஜா புயல் பாத்திகளின் மேல் அள்ளிக் கொட்டியது. அதை அகற்றி, மண்ணைத் திரும்ப மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகுதான் கடல் தண்ணீரை உள்ளே விட முடிந்தது. மிதித்தவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்காரர்கள். உப்புநீரில் நின்று நின்று காலில் வெடிப்பு விழுந்தவர்கள்.

டெல்டாவில் வேதியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெவிட்டிய கரைசலை முகவையில் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பங்குனியிலோ சித்திரையிலோ மாணவர்களை அகஸ்தியன்பள்ளிக்குக் கூட்டி வாருங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து 2023 ஏப்ரல் முதல் மறுபடியும் ரயில் ஓடுகிறது. ஒரு கண்ணாடி மிதவையைக் கொண்டுவந்து பாத்திக்குப் பாத்தி டிகிரி பாருங்கள். உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். உப்பு வாருகிறவர்களிடம் மாணவர்களைப் பேசவிடுங்கள்.